படத்துக்குப் பூ வைத்த வங்கி

சோதிலிங்கத்தாருக்கு முகுங் வங்கியைக் கண்ட முதல் நாளே இளக்காரமாகப் போய்விட்டது. சியோலில் வானம் தொடுகிற தலைமையகம், உலகமெல்லாம் கிளை என்று மார்தட்டிய அந்தக் கொரிய வங்கி, நியூசிலாந்தின் ஒக்லண்டில் ஒரு சதம் வைப்பாக வாங்க முடியாது, ஒரு சதம் கடனாகக் கொடுக்கவும் முடியாது. சட்டப்படி அது வெறும் பிரதிநிதி அலுவலகம். இந்த ஊர் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். பங்குச்சந்தை விழுந்து குயின் வீதியின் கண்ணாடிக் கட்டடங்கள் காற்று வாங்கிய 1988ஆம் ஆண்டில், ஒரு முழு மாடியை வாடகைக்கு எடுத்து அது பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருமுறை ஒரு வெள்ளைக்காரக் கிழவி சேமிப்புக் கணக்குத் திறக்க வந்தாள். தேநீரும் ஒரு காலண்டரும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அடுத்த கிழமை தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மாதம் முடியமுன் அந்தத் தெருவில் பென்ஷன் எடுக்கிற கிழவிகள் அத்தனை பேரும் பிஸ்கட்டுக்கு வரிசையில் நின்றார்கள். முகுங் வங்கி யாரிடமும் ஏமாறாமல் நடத்திய ஒரே வியாபாரம் அதுதான்.

மற்றப்படி, சியோலிலிருந்து வருகிற இயக்குநர்களைக் கோல்ஃப் விளையாடக் கூட்டிப்போவதும், திரும்பும்போது மருந்துக்கென்று மான்கொம்பு வாங்கிக் கட்டிக்கொடுப்பதும்தான் அலுவலகத் தலைவர் ஹானுக்கு முழுநேர வேலை. அவருக்குக் கீழே தட்டச்சு செய்ய, தற்காலிகமாக, சோதிலிங்கத்தார்.

தற்காலிகம் என்ற அந்தச் சொல்தான் அவருடைய தொண்டையில் முள். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் மனைவி ரதிதேவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வெடிச்சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார்கள். நிரந்தர வேலைக் கடிதம் கொடுத்தால்தான் குடிவரவுக் கந்தோர் அவருக்கு இங்கே இருக்க அனுமதி தரும். அது கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். விசாவோ மாத முடிவில் முடிகிறது.

“அலுவலகத்தின் அதிகாரபூர்வத் திறப்பு விழாவுக்கு வங்கியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதித் தாரும். தலைமையகம் மெச்சினால் கடிதம்” என்றார் ஹான்.

சோதிலிங்கத்தார் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். ஆனால் பெயர் எடுத்தது கல்வெட்டு எழுதி. ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். பிறந்த ஊர், வம்சம், புகழ், புலம்பல் எல்லாம் அதில் வரும். சாவகச்சேரியில் அவர் எழுதிய கல்வெட்டுக்காகவே செத்தவர்கள் உண்டு.

ஹான் தூக்கிப் போட்ட காகிதக் கட்டுகளைப் படித்தார். யப்பான்காரன் காலத்தில் அரிசி வியாபாரிகள் சேர்ந்து பெற்றெடுத்த வங்கி. கொரிய யுத்தத்தில் பெட்டகத்தை லொறியில் ஏற்றி, அதன் பூட்டுத் திறப்பை மேசையில் மறந்துவிட்டு ஓடிய வங்கி. பிறகு இராணுவ ஆட்சி அதை விழுங்கியது, இருபது வருடம் சப்பியது, எண்பதுகளில் துப்பியது. துப்பியபின் அதற்குத் தனியார் வங்கி என்று பெயர். ஆனாலும் யாருக்குக் கடன் என்பதை அரசாங்கம்தான் சொல்லும். கப்பல் கட்டுகிறவனுக்குக் கொடு என்றால் கொடுக்கும். கப்பல் தண்ணீரில் தாண்டுபோனால், தாண்ட கப்பலை மிதக்கவைக்க மறுபடி கொடுக்கும்.

“எங்கடை சங்கத்திலை ஒரு மூட்டை சீனியைக் கடனாக் குடுக்கிறதெண்டாலும் கமிற்றி கூடோணும்” என்று ஒனிஹங்காவில் தான் தங்கியிருந்த இடத்தில் அறைத்தோழன் செபஸ்ரியனிடம் பொருமினார். செபஸ்ரியன் மன்னார்ப் பொடியன், கம்பளிக் களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிறவன்.

“உங்கடை சங்கத்துக்குச் சியோலிலை மாடி இருந்ததோ, அண்ணை?”

“இல்லை. அதாலைதான் புத்தி இருந்தது.”

அலுவலகச் சுவரில் வங்கித் தலைவரின் பெரிய படம் தொங்கியது. கீழே சின்ன மேசை, அதில் வெள்ளைப் பூ. ஹான் காலையில் வந்ததும் படத்துக்கு முன்னால் இடுப்பு ஒடியக் குனிவார். போதாக்குறைக்குச் சியோலிலிருந்து வந்த குறிப்பில், அவர் ஒருநாளும் கோபித்ததில்லை, பொய் சொன்னதில்லை, பிறருக்காகவே உழைத்தார் என்று இருந்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சுவரில் படம், படத்துக்குப் பூ, வாய்க்கு வந்த புகழ். ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். இழவு வீட்டில் எப்படிச் செத்தார் என்று தோண்டுவது மரியாதையில்லை என்பதால் அவர் கேட்கவும் இல்லை.

எழுதினார். முன்னட்டையில் தலைவரின் படம், சுற்றிக் கறுப்புக் கரை, இரண்டு பக்கமும் எரிகிற குத்துவிளக்கு. உள்ளே வங்கியின் வம்சம். இன்னொரு வங்கியை இணைத்துக்கொண்ட கதையைச் சீதனத்தோடு நடந்த கலியாணமாக எழுதினார். கிளைகள் எல்லாம் பிள்ளைகள். கடைசியில், “எங்கள் பெட்டகத்தின் விளக்கே, எங்களை யாரிடம் ஒப்படைத்துப் போனாய்” என்று ஆங்கிலத்தில் ஒரு புலம்பல். ஹான் கோல்ஃபுக்குப் போகிற அவசரத்தில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினார்.

விழாவுக்கு முதல் நாள் புத்தகப் பெட்டிகள் வந்திறங்கின.

“நாளைக்குத் தலைவர் விமானத்தில் வருகிறார். பூ வாங்கும்” என்றார் ஹான்.

“எந்தத் தலைவர்?”

“அவர்தான்” என்று ஹான் சுவரைக் காட்டினார்.

சோதிலிங்கத்தார் பாய்ந்து பெட்டியின் மேல் உட்காருவதற்குள் ஹான் ஒரு புத்தகத்தை உருவிவிட்டார். கொரியாவிலும் கறுப்புக் கரை செத்தவர் படத்துக்குத்தான். ஹானின் முகம் பழைய சுண்ணாம்புச் சுவராகியது.

“நீர் அவரைக் கொன்றுவிட்டீர். என்னையும் கொன்றுவிட்டீர். கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. போம்.”

சோதிலிங்கத்தார் ஒனிஹங்காவுக்குத் திரும்பினார். செபஸ்ரியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“உயிரோடை இருக்கிற மனிசனுக்குக் கல்வெட்டு! அண்ணை, முப்பத்தோராம் நாள் சாப்பாடும் குடுத்திருக்கலாமே!”

“சிரியடா, சிரி. ரதிதேவிக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

செபஸ்ரியனின் சிரிப்பு நின்றது.

விடியற்காலையில் ஹானே டாக்ஸியில் வந்து கதவைத் தட்டினார். சியோலில் அரசாங்கம் மாறியிருந்தது. மாறிய அரசாங்கத்தில் யாரோ ஒரு அதிகாரி தொலைபேசியைத் தூக்கி, முகுங் வங்கித் தலைவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறான். தனியார் வங்கியின் பங்குதாரர்கள் அதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். பழையவருடைய ஆசனத்திலேயே புதியவர் விமானம் ஏறிவிட்டார்.

“படத்தைக் கழற்றிவிட்டேன். புத்தகத்தை என்ன செய்வது? வேறு ஒன்றும் இல்லையே. வந்து நீரே கொடும், பழி உம்மோடு போகட்டும்” என்றார் ஹான்.

புதிய தலைவர் குட்டை மனிதர். கழுத்து இல்லை. முன்னட்டையை வெகுநேரம் பார்த்தார். குத்துவிளக்கு என்ன என்று கேட்டார். போனவர் திரும்பி வராமல் நிம்மதியாகப் போவதற்கு என்று சோதிலிங்கத்தார் விளக்கினார். தலைவர் புலம்பலை இரண்டு தரம் வாசித்தார். சிரிப்பை அடக்கியதில் காது சிவந்தது.

“நடந்ததை முதலில் புரிந்துகொண்ட அலுவலகம் இதுதான். பழையவரை எவ்வளவு பண்பாக அனுப்பிவைத்திருக்கிறீர்கள்! எழுதியவருக்கு என்ன வேண்டும்?”

“கடிதம்” என்றார் சோதிலிங்கத்தார்.

“விருந்து முடியட்டும்.”

“விருந்து காத்திருக்கும் ஐயா. முதலில் கடிதம்.”

ஹான் கண்ணை மூடிக்கொண்டார். சோதிலிங்கத்தார் தட்டச்சுப் பொறியில் நான்கு வரி அடித்துத் தாளை உருவி, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். ஒரு தொலைபேசிக்கு ஆடுகிற வங்கியில், தலைவர் சூப்புக் குடித்து முடிக்கும்வரை தலைவராக இருப்பார் என்பதற்கு யார் பிணை? கையெழுத்து காயமுன் படியிறங்கினார். கேக் வெட்டுகிறபோது அவர் குடிவரவுக் கந்தோர் வரிசையில் நின்றார்.

பின்னேரம் ஒனிஹங்காவில் செபஸ்ரியன் வாசலிலேயே மறித்தான்.

“ஆர் அண்ணை கையெழுத்து வைச்சது?”

“இண்டைக்குத் தலைவரா இருக்கிறவர்.”

“நாளைக்கு அவரையும் கலைச்சால்?”

“கலைக்கட்டும், எனக்கென்ன? கந்தோரிலை பதிஞ்சு சீல் குத்திப்போட்டான். தள்ளடா, ரதிதேவிக்குத் தந்தி அடிக்கோணும்.”