கேட்காமல் குறைத்த வாடகை

ஆரியங்கோட்டில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடந்த பழைய குடும்ப வீட்டைச் சங்கரி இரண்டு வருடம் பாடுபட்டுச் சீராக்கி, சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் குடியிருந்தாள். முதலில் வந்தது ஒரு மதுரைத் தம்பதி. அவர்கள் அறையைப் பார்த்து முடிக்குமுன்பே, “பாதி வாடகை போதும். மத்தியானம் என்கூட இருந்து சாப்பிடணும், அவ்வளவுதான்,” என்றாள்.

பேரம் பேசாமலே பாதி குறைந்தால் யாருக்குத்தான் பயம் வராது? வீட்டில் பேய் உண்டென்று முடிவுகட்டி அவர்கள் காரைத் திருப்பினார்கள்.

“வாடகையைக் கூட்டிச் சொல்லியிருந்தா தங்கியிருப்பாவ அக்கா,” என்றான் ரப்பர் வெட்டும் தங்கப்பன்.

“தங்குவாவ. கூட உக்காந்து சாப்பிடுவாவளா? நீயாவது இரு. மூணு இலை போட்டாச்சு.”

“வீட்டுல அவ சோறு பொங்கி வச்சிருப்பாளாக்கும். போயிட்டு வாறேன்.”

மூன்றில் எந்த இலையில் உட்காருவது என்று சங்கரி கொஞ்சநேரம் யோசித்தாள்.