இடது பின் சக்கரம்

"பின்பக்கம் பிடிச்சுத் தள்ளுது அத்தை, மூக்கு திரும்ப மாட்டேங்குது, நான் ஸ்டியரிங்கை ஒடிச்சா அது பாட்டுக்கு நேரா..."

"நேராப் போனாப் போகட்டும் மாப்பிள்ளை, போன தடவை வால் சுத்தி..."

"நான் சொல்லி முடிச்சிடறேனே!"

"சுவத்துல போய் ஒட்டிக்கிட்டீங்களே, அந்தக் கதையையும் சேத்து முடிங்க!"

பக்கத்துக் காருக்கு டயர் மாட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்கள். வாங்க போங்க என்று மரியாதை ஒரு இம்மியும் குறையாமல் மாமியாரும் மருமகனும் மல்லுக்கட்டுவது அவர்களுக்குப் பழகிப்போன வேடிக்கை. லாரிப் பட்டறையில் ஸ்பிரிங் வேலையிலேயே ஊறியவள் அவள். மண் தடத்தில் ஓடும் இந்த ரேஸ் காருக்குப் பின்பக்கத்தை அமைத்துக்கொடுப்பதும் அவள்தான். தடம் முழுக்க இடப்பக்கமாகவே வளையும். இடது பின் ஸ்பிரிங்கை அழுத்தியிருக்கும் மரை வளையத்தைத் தளர்த்தினால் கார் இலகுவாகத் திரும்பும். கொஞ்சம் மிஞ்சினால் வால் முந்திக்கொண்டு வரும். போன பந்தயத்தில் அப்படித்தான் ஆனது. அன்றிலிருந்து மகள் இந்தப் பக்கமே வருவதில்லை. "அவரை முழுசாத் திருப்பி அனுப்பிடும்மா" என்று மட்டும் காலையில் சொல்லியிருந்தாள்.

"சரி, ஒரு சுத்து தளர்த்தறேன். போதுமா?" என்று காருக்கடியில் புகுந்தாள். கொக்கி ஸ்பேனரை வைத்து வளையத்தை டக்கென்று ஒரு சுற்று இறக்கினாள். அவன் காது கேட்கும்படி சத்தமாகத்தான். பிறகு சுத்தியலைத் தேடுவதுபோல் தகர டப்பாவை உருட்டி, அந்தச் சத்தத்திலேயே அதே ஒரு சுற்றை மறுபடி ஏற்றிவிட்டாள். ஓட்டுபவனுக்கு மனசு சமாதானமானால் கார் தானே சமாதானமாகும் என்பது அவள் கணக்கு.

அவன் ஒத்திகைக்குப் போய் நாலு வட்டம் அடித்துவிட்டு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை.

"அத்தை, நீங்க தொடவே இல்ல."

"என்ன பேச்சு இது? சத்தம் கேக்கலையா?"

"காதுக்குக் கேட்டுச்சு. முதுகுக்குக் கேக்கலையே."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ டிரைவர்கள் வந்து, "ஸ்பிரிங் சரியில்ல" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பார்கள். இவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வளையத்தின் ஒரு சுற்றைத் தண்டுவடத்தால் எண்ணியிருக்கிறான். கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, கெட்டிக்காரப் பயல் என்ற ஒரு பூரிப்புதான். அதை அவள் முகத்தில் காட்டவில்லை.

"என் மகளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில்.

"திரும்பாத காரும் அதே சுவத்துக்குத்தான் போகும் அத்தை. காலைல மண்ணு ஈரம், கடிச்சுப் பிடிச்சுது, இறுக்கி வெச்சாலும் திரும்புச்சு. இப்பப் போய்த் தொட்டுப் பாருங்க."

வேலியோரமாக நடந்துபோய், முதல் வளைவில் குனிந்து உள்ளங்கையை வைத்தாள். மண் காய்ந்து, டயர் தேய்த்துத் தேய்த்து, மெழுகின தரைபோல் மினுங்கியது. கை வழுக்கியது. பத்திரம் என்று நினைத்துத் தான் இறுக்கி வைத்ததுதான் அவனை நேரே சுவருக்கு அனுப்பப் பார்த்திருக்கிறது. நாலே வட்டத்தில் அதைக் கண்டுகொண்டு, காரையும் முழுசாகக் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குப் பிறகும் தன்னை "அத்தை" என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

திரும்பி வந்து அடியில் புகுந்தாள். இந்த முறை தகர டப்பா உருளவில்லை. வளையம் ஒரு சுற்று இறங்கியது, இறங்கியபடியே நின்றது. அவன் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தான். சரியாக இறங்கிற்றா என்று கேட்கவில்லை.

இறுதிப் பந்தயத்துக்குக் கார்கள் வரிசையில் நின்று உறுமின. அவள் காரின் ஜன்னல் வலையருகில் குனிந்தாள். வழக்கமாக அந்த இடத்தில் அவள் சொல்வதெல்லாம் கட்டளைதான். பிரேக்கை மிதிக்காதீங்க, உள்ளே போகாதீங்க என்று நீட்டி முழக்குவாள். இன்று அவன் கையுறைமேல் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கொடி மேலே போய்விட்டது. எஞ்சின் இரைச்சலுக்கு மேலே கத்தினாள்:

"ஒரு சுத்து போதுமா மாப்பிள்ளை? இல்ல, இன்னும் கால் சுத்து வேணுமா?"