இரட்டை இடுப்பு எட்டு

1

இந்தக் கதை ஒரு விற்பனை விளம்பரத்திலிருந்து வந்தது. ஒஹாயோவில் எங்கள் மாவட்டச் செய்தித்தாளில் வாராவாரம் வருகிற வகை. "1969. இரண்டு கதவு. வி-8 இன்ஜின். நிறுத்தியபோது ஓடிக்கொண்டிருந்தது." எந்த ஆண்டு நிறுத்தினார்கள் என்று போட மாட்டார்கள். ஓடாத ஒன்றை எப்படி நிறுத்துவது என்று யாரும் கேட்பதுமில்லை.

காரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் கடிதம் எழுதுவார்கள். அந்த ஆண்டு அந்த மாடலுக்கு அந்த நிறத்தில் இருக்கை கிடையாது என்பார்கள். கதை எப்படி என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "கொட்டகைக் கதவின் இடுக்கில் நுழைந்த வெயில், உறங்கும் மிருகத்தின் முதுகில்

[நிறுத்திவிட்டேன். மிருகம் இல்லை, கார். முதுகில் கோழி எச்சம்.]

இரண்டாவது: "வெர்லின் ஸ்டோல்ட்ஸ் காந்தத்தைத் துணியில் சுற்றினார்."

இது போதும்.

3

வெர்லினுக்கு அறுபத்து மூன்று வயது. பழைய கார்களை மதிப்பிடுவது தொழில். வாங்குபவர் அழைத்துப்போவார். இவர் பார்த்துவிட்டு, படிவத்தில் "அசல்" என்றோ "அசல் அல்ல" என்றோ குறித்துக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்தை மூன்று மாவட்டங்கள் நம்புகின்றன. அவர் மனைவி மட்டும் நம்புவதில்லை. [மனைவி இந்தக் கதையில் வர மாட்டார். ஒரு சிரிப்புக்காக இழுத்தேன். மலிவு.]

இன்று அழைத்துவந்தவன் டுவேன் ப்ரூயிட். வெல்டர், ஐம்பது வயது. பழைய காரை வாங்கிப் புதுப்பிப்பது அவனுடைய இருபது வருட ஆசை. அதற்காக மீன்பிடிப் படகை விற்றிருந்தான். கார் லொரெட்டா ஹாட்ச்சுடையது, அவருடைய கொட்டகையில் நின்றது. எழுபதைத் தாண்டியவர். இன்ஜின் அசல் என்றால் அறுபதாயிரம் டாலர், இல்லையென்றால் பாதி என்று பேச்சு.

பெயின்ட் கீறாதபடி துணி சுற்றிய காந்தத்தை வெர்லின் பின்சக்கரத்துக்கு மேலே வைத்தார். அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது.

"இங்க தகரமே இல்லம்மா. மொத்தமும் பட்டி பூசி மூடினது."

"வயசானா அப்படித்தான்," என்றார் லொரெட்டா. "உங்க தலையில ஒத்த முடி இல்ல. நான் ஏதாச்சும் கேட்டேனா?"

டுவேன் உள்ளே உட்கார்ந்து பார்த்தான். "அக்கா, தரையில ஓட்டை. கால் மண்ணுல நிக்குது."

"காத்து வரும் தம்பி. அதுக்குத் தனியாக் காசு கேக்கல."

4

இங்கே கொஞ்சம் கட்டுரை. [தவிர்க்கப் பார்த்தேன்.]

இந்தக் கார்களை வாங்குகிறவர்கள் காரை வாங்குவதில்லை. எண்ணை வாங்குகிறார்கள். இன்ஜினில் அடித்த எண் காரின் அடிச்சட்டத்திலுள்ள சேசிஸ் எண்ணோடு ஒத்துப்போனால், தொழிற்சாலையில் பொருத்திய இன்ஜினே இன்னும் இருக்கிறது என்று பொருள். விலை இரட்டிப்பாகும். ஆனால் வேறு இன்ஜினை மாட்டி, அதன் எண்ணைத் தேய்த்துவிட்டு, வேண்டியதை அடித்துக்கொள்ளலாம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அடித்த விதத்தையும் பார்க்க வேண்டும்.

இதற்கென்று கனமான கையேடு ஒன்று உண்டு. 1969 வசந்தத்தில் வந்த இந்த வகைக் கார்களில், இன்ஜின் எண்ணில் வரும் எட்டுக்கு இடுப்பில் இரண்டு கோடு இருக்கும் என்கிறது அது. தொழிலாளி ஒருவர் எட்டு எண்ணை அடிக்கும் பஞ்ச் உளியைத் தொலைத்துவிட்டு, மூன்றை ஒரே இடத்தில் நேராக ஒருமுறையும் தலைகீழாக ஒருமுறையும் அடித்துச் சமாளித்தாராம். சான்று, ஒரே ஒரு புகைப்படம்.

பதினான்கு வருடமாக வெர்லின் இந்த விதிப்படி தீர்ப்புச் சொல்லிவருகிறார். நான்கு கார்கள் அசல். ஒன்பது போலி.

5

வெர்லின் இன்ஜினின் முன்பக்கம் டார்ச் அடித்தார். எட்டு இருந்தது. இடுப்பில் இரண்டு கோடு.

"இருக்கா அண்ணே?"

"இருக்கு."

"அந்தப் புத்தகக்காரர் படம் எடுத்ததே இதைத்தான்," என்றார் லொரெட்டா. "ஆப்பிள் பை முழுசையும் தின்னுட்டுப் போனார். ஒரு புத்தகம் இனாமா அனுப்பல."

எட்டுக்குப் பக்கத்தில் பிறை போல ஒரு பள்ளம் தெரிந்தது. சுத்தியல் நழுவிய தடம். புகைப்படத்தில் அது இல்லை, ஓரத்தை வெட்டியிருந்தார்கள். வெர்லின் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தார். அதன் நகம் 1987இலிருந்து பிளந்தேதான் வளர்கிறது.

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. இதே கார் அவருடையதாக இருந்தது, பச்சை நிறத்தில். இப்போதிருக்கும் ஆரஞ்சு பிறகு யாரோ அடித்தது. இன்ஜின் வெடித்துவிட்டது. பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டினார். எண்ணைத் தேய்த்து, கார் எண்ணையே அடித்தார். இரவல் வாங்கிய பஞ்ச் பெட்டியில் எட்டு இல்லை. மூன்று இருந்தது. கடைசி அடி கட்டைவிரலில் விழுந்தது. அதே வாரம் காரை விற்றார். மறந்தும்போனார்.*

* தன் கைவேலையைப் பதினான்கு வருடம் புத்தகத்தில் பார்த்தும் ஒருவருக்குத் தெரியாதா? எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. அன்று அவர் ஆறு பியர் குடித்திருந்தார் என்று சேர்க்கிறேன். போதாது என்றால் பத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெர்லின் மனதுக்குள் பின்னோக்கிப் போனார். கையேடு வந்த பிறகு போலி செய்கிறவர்கள் எல்லோரும் கவனமாக இரண்டு கோடு போட்டிருப்பார்கள். உண்மையான கார்களில் அது இருக்க வழியே இல்லை. அப்படியானால் அவர் அசல் என்று சொன்ன நான்கும் போலி. போலி என்ற ஒன்பதும் அசலாகவே இருக்கலாம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பாதியாவது சரியாக வந்திருக்கும்.

6

முடிவு அ: பேசாமல் கையெழுத்திடுகிறார். [எழுதினேன். இரண்டு பத்தி குற்றவுணர்ச்சி, ஒரு மழை. கிழித்துவிட்டேன்.]

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். நேர்மையான மனிதரை எழுதுவது எனக்கும் கௌரவம். எழுதினேன். நடந்தது இது.

"இதை அடிச்சது நான்தான்," என்றார் வெர்லின்.

"எதை?"

"இந்த எட்டை. எண்பத்தேழுல. இது வேற இன்ஜின் டுவேன்."

டுவேன் தன் வண்டிக்குப் போய்க் கையேட்டை எடுத்துவந்து பிரித்தான். "படமே போட்டிருக்கு அண்ணே. இருநூத்திப் பதினொன்னாம் பக்கம்."

"அந்தப் படமே இந்த இன்ஜின்தான்டா!"

"அதைத்தானே நானும் சொல்றேன். இதைவிட அசல் எங்க கிடைக்கும்?"

"விலையைக் குறைக்க என்னென்னமோ சொல்வாங்க," என்றார் லொரெட்டா. "நானே போலிக்காரன்னு ஒருத்தர் சொல்லி இப்பத்தான் கேக்கறேன். நாளைக்கு நீங்களே முப்பதாயிரத்துக்கு வாங்க வருவீங்க. அதானே?"

"பஞ்ச் இருக்காம்மா?"

லொரெட்டா அலமாரியிலிருந்து ஒரு பெட்டியையும் சுத்தியலையும் எடுத்துக் கொடுத்தார். வெர்லின் ஒரு இரும்புத் துண்டில் மூன்றை அடித்தார். பஞ்ச்சைத் திருப்பிப் பிடித்து இன்னொருமுறை அடித்தார். எட்டு வந்தது. இடுப்பில் இரண்டு கோடு.

டுவேன் அதைக் கையேட்டுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான்.

"நல்லா வருது அண்ணே," என்றான். "ஆனா அசல் மாதிரி இல்ல."

7

ஆக, அவர் சொல்லிவிட்டார். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மனசாட்சிக்கு இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் படிவம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

"அசல்" என்று குறித்தால் டுவேன் அறுபதாயிரம் கொடுத்துவிட்டு, ஆனந்தமாகத் துரு சுரண்டுவான். வெர்லினும் ஊருக்கு வெர்லினாகவே இருப்பார். "அசல் அல்ல" என்று குறித்தால் பதிமூன்று பழைய தீர்ப்புகளும் குப்பை. லொரெட்டாவுக்குப் பாதி நஷ்டம். அப்படியும் டுவேன் இன்னொரு மதிப்பீட்டாளரை அழைத்துவருவான். அவரிடமும் அதே கையேடு இருக்கும்.

மூன்றாவது முடிவு ஒன்று வைத்திருந்தேன். அதில்

[இல்லை.]

நான் எழுதினால் அது அச்சில் வந்துவிடும். அச்சில் வந்ததை என்ன செய்வீர்கள் என்று இப்போதுதான் பார்த்தோம். படிவத்தை உங்களிடமே தருகிறேன்.

இன்ஜின்:   ☐ அசல்   ☐ அசல் அல்ல

மதிப்பீட்டாளர் கையொப்பம்: ______________

அழியாத மையில் எழுதவும். அடித்தல் திருத்தல் செல்லாது.