கருந்தோல்

கண் அறுவை முடிந்து மூன்றாம் நாள் பகலில் யசுனோரி வீடு திரும்பியபோது, சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி கிகுனோவுக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு நோசுவே வாசலுக்கே வந்துவிட்டாள்.

“காலையிலேருந்து ஏதோ தேய்ச்சிட்டே இருக்காங்கண்ணே. ஒரு வேலையில மனசு நிக்குதேன்னு நானும் விட்டுட்டேன்.”

கூடத்தில் மரப்பெட்டிகள் திறந்து கிடந்தன. முப்பத்தொன்று. எல்லாம் காலி.

வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கை வழுக்காமல் கோக்கும் வட்டத் தகடுகளை யசுனோரி அவற்றில் சேர்த்து வைத்திருந்தார். பழைய கொல்லர்கள் அந்த உள்ளங்கை அகல இரும்பில் நாரையும் அலையும் குடைந்து, பொன்னிழை பதித்திருந்தார்கள். கனசாவா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பார்த்த யசுனோரி, பகலெல்லாம் துருவோடு மல்லுக்கட்டிவிட்டு மாலையில் அதே துருவைக் கும்பிட்டார். நானூறு வருடத் துரு படிந்து இறுகி, கத்தரிக்காய்த் தோல்போல் கறுத்து மினுங்கும். அந்தக் கருந்தோல்தான் தகட்டின் உயிர். போனால் எந்தக் கொல்லனாலும் திருப்பித் தர முடியாது. வியர்வை படும் என்று நாற்பது வருடமாகக் கிகுனோவை அவர் தொடவிட்டதில்லை.

தொட்டி நிறையக் கறுப்பு நுரை. பக்கத்துத் துண்டின் மேல் தகடுகள் வெள்ளை வெளேரென்று, நேற்று வாங்கிய தட்டுகள்போல் வரிசையாகக் காய்ந்தன. பொன்னிழை இருந்த இடங்களில் வெறும் பள்ளம். கிகுனோவின் கையில் இரும்பு நார். விரல் நுனிகள் கிழிந்து ரத்தம் கசிந்தது.

“கிகுனோ, என்ன காரியம் பண்ணிட்ட?” என்று தகடுகளை நோக்கிக் கை நீட்டினார்.

அவள் பயந்துபோய்த் துண்டைக் கையால் மறைத்தாள். “தொடாதீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காது.”

“நான்தாம்மா.”

“அவரு இன்னிக்கு வந்துடுவாரு. எல்லாம் ஒரே துரு, பாவம், யாருமே கவனிக்கல. இதுங்க மேலதான் அவருக்கு உசிரு.” குரலைத் தாழ்த்தினாள். “எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசமாட்டாரு. இதுங்கள மடியில வச்சுட்டு முணுமுணுன்னு பேசுவாரு. பளிச்சுனு வச்சா, ஒருவேளை என்னையும் உக்கார வச்சுப் பேசுவாரு, இல்ல?”

யசுனோரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டுப்போட்ட கண்ணுக்குள் நீர் முட்டி எரிந்தது. போன தகடுகளுக்காகவா, போன வருடங்களுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. பேசலாம் என்றால், இனி யாரிடம்? அவள் காத்திருக்கும் மனிதனாக அவரால் அந்த வாசலில் வந்து நிற்கவே முடியாது.

எழுந்துபோய் இரும்பு நாரை அவள் கையிலிருந்து மெல்ல விலக்கி, விரல்களைக் குழாய் நீரில் காட்டினார். அவள் தடுக்கவில்லை.

“நீங்க நல்ல மனுஷரா இருக்கீங்க,” என்றாள். “அவரு வர்ற வரைக்கும் இருங்களேன். டீ போடுறேன்.”

பிறகு துண்டிலிருந்த தகடு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே தூக்கினாள். மங்கலாகத் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, ஈரக் கையால் நரைமுடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றாள்.