சா. லோயிஸ் என்று இரண்டு பேர்

அந்தக் குடும்பத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. முதன்முதலில் ஞானஸ்நானம் வாங்கியவள் பெயர் லோயிஸ் என்பதால், எந்த மகனுக்கு முதல் பெண் பிறந்தாலும் லோயிஸ்தான். சாமுவேலுக்கு ஒன்று, அவர் தம்பி சாலமோனுக்கு ஒன்று. ஆக, திருத்தணியில் ஒரே வீட்டில் இரண்டு சா. லோயிஸ். பெரியவள் கரும்பின் செவ்வழுகல் நோயை ஆராய்ந்து வெளிநாடு வரை பேர் வாங்கினாள். சின்னவள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். ஒருவருக்கும் தெரியாமல் ஒரு கதைப் புத்தகமும் எழுதினாள். அது ஆயிற்று முப்பது வருஷம்.

ஏன் ஒளித்தாள்? அந்தக் கதைகளில் இருந்தவர் சைமன். பெரியவளின் புருஷன், வீட்டோடு மாப்பிள்ளை, அரக்கோணம் ரயில்வேயில் வேலை. விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பும்போது, யாரும் விழித்துவிடக் கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடப்பார். கூடத்தில் படுத்திருந்தவள் சின்னவள். தப்பாக ஒரு பார்வை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது; பாழாய்ப்போன மனசு, அவ்வளவுதான். கல்யாணமே வேண்டாமென்று, வேறு தெருவில் தனி வீடு பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

இந்தச் சித்திரையில் பெரியவள் இறந்துபோனாள். சென்னையில் பதிப்பகம் நடத்தும் கிரிதர், தன் அப்பா காலத்தில் போட்ட அந்தப் புத்தகத்தை மறுபடி போட நினைத்து, அட்டையில் இருந்த சா. லோயிஸ் என்ற பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். விஞ்ஞானிதான் வந்தாள், படத்தோடும் இறந்த தேதியோடும். பின்னட்டையில் பெரியவள் படம் ஏறிவிட்டது. நினைவுக் கூட்டத்திலேயே வெளியீடு என்று அழைப்பிதழும் வந்தது.

சின்னவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயது அறுபத்தேழு. பெட்டியில் அச்சேறாத கதைகள் இன்னும் பதினாறு கிடந்தன. அக்காவுக்குத்தான் ஊரெல்லாம் பேராயிற்றே, எனக்கென்று இருந்த இது ஒன்றுமா? கூட்டத்தில் எழுந்து சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். கதையில் வருவது யாரென்று எவன் கண்டான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

ஆடிக் கிருத்திகை நெரிசலில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே சர்ச் ஹாலுக்குள் நுழைந்தபோது ஜெபம் முடிந்திருந்தது. முன்வரிசையில் சைமன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சின்னி, இங்க வா. ரெண்டு நாளா இதையே படிச்சிக்கினு இருக்கேன். செருப்ப கையில எடுத்துக்கினு போவேனே, அத உங்கக்கா எழுதியிருக்கா பாரு. தூங்குறான்னுல்ல நெனச்சேன்?"

"பாவா..." என்றாள்.

"நாப்பது வருஷம் அவளுக்கு மைக்ராஸ்கோப்புதான். என்னை கண்ணெடுத்தும் பாக்கலன்னு நானும் மூஞ்சி குடுத்துப் பேசல. ஆஸ்பத்திரில கடசி நாள்லகூட சண்டதான் போட்டேன். பாவி, இவ்ளோ ஆசைய மனசுல வச்சிக்கினு இருந்திருக்கா." அத்தனை பேர் முன்னால் அவர் கேவிக் கேவி அழுதார்.

ஒரு வார்த்தை போதும். சொன்னால் புத்தகம் அவள் கைக்கு வந்துவிடும். இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி இரண்டாந்தரம் செத்துப்போவாள்.

"தங்கச்சி அம்மா வந்திருக்காங்க. அக்கா எழுதினதுல ஒரு பக்கம் படிப்பாங்க," என்று கிரிதர் மைக்கில் கூப்பிட்டார். ஏறிப் படித்தாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கூட்டம் அக்காவின் படத்தைப் பார்த்துக் கைதட்டியது. அவளுக்கு அழவும் வழியில்லை, அழுதால் அதுவும் அக்காவுக்காக என்பார்கள்.

கீழே இறங்கியதும் கிரிதர் பக்கத்தில் வந்தார். "அம்மா, அக்கா வேற எதுனா எழுதி வச்சிருப்பாங்களா? நோட்டு, காகிதம், எதுவா இருந்தாலும் சரிங்க. புத்தகமா போட்டுடலாம்."

சைமன் சட்டென்று நிமிர்ந்தார். இன்னும் கொஞ்சம் கிடைக்காதா என்று அவர் முகம் கெஞ்சியது. பெட்டியில் கிடந்த பதினாறிலும் இருப்பது சின்னவள் கையெழுத்து. அதை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

"இல்லீங்க," என்றாள். "எங்க வீட்ல எழுதினவ அவ ஒருத்திதான். அவளும் இது ஒண்ணுதான் எழுதினா."