றெபேக்காவின் வாய்க்குள் நாலு திருகாணி

வங்காலையில் றெபேக்காவைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய பயத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கேற்றுச் சத்தம் கேட்டால் பயம். நாய் வழமைக்கு மாறாகக் குரைத்தால் பயம். தபால்காரர் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்த வியாழக்கிழமை காலை அவள் பட்ட பயம் அந்தக் கணக்கில் சேராது. அது சாப்பாட்டு மேசையில், பழைய பேப்பருக்கு மேலே, கழற்றிக் கிடந்தது. ஒரு பைனோகுலர்.

மகள் டினோஜாவுக்கு மன்னார் ரவுனில் ஒரு சின்ன ஹோட்டலில் வேலை. கொழும்பிலிருந்து வருகிறவர்களைக் கடலோரக் களப்புக்குக் கூட்டிப்போய், இது பூநாரை, இது உள்ளான் என்று காட்டுவது. நாங்கள் பிறந்த நாளிலிருந்து சும்மா பார்த்த பறவைகளுக்கு இப்படியொரு சம்பளம் இருக்கிறது என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பைனோகுலர் ஹோட்டலுடையது. கண் வைக்கிற இரண்டு குழலையும் சேர்த்துப் பிடிக்கிற தகடு கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. முதல்நாள் பின்னேரம் கடற்கரையில் வலது குழல் தானாகக் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. இருட்டும்வரை மணலைக் கிளறியும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு எட்டுப் பேர் பறவை பார்க்க வருகிறார்கள். சாமானைத் துலைத்தால் வேலைக்கு வரத் தேவையில்லை என்று மனேஜர் முந்தியே சொல்லி வைத்த ஆள்.

டினோஜா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். துலைந்ததைக் கண்டு தருவது அவருடைய வேலைதானே. பிறகு கத்திமுனையால் அந்தத் தகட்டைக் கழற்றினாள். கழற்றக் கத்தி போதும், இறுக்கத்தான் போதாது. மணிக்கூடு திருத்துகிற முஹைதீன் நானாவிடம் சின்ன ஸ்குரூ ட்றைவர் வாங்கவென்று பஸ் ஏறினாள்.

“அம்மா, மேசையில கிடக்கிற ஒண்டையும் தொடாதைங்கோ,” என்று கேற்றடியில் நின்று சொன்னாள்.

தொடுவதா? றெபேக்கா அந்த அறைக்குள்ளே போகவே இல்லை. குசினிக்குள் நின்று நண்டு உடைத்தாள்.

காரணம் ஊருக்குத் தெரியும். தொண்ணூற்றிரண்டில், சண்டை நேரம், அவளுடைய அண்ணன் அலெக்ஸாண்டரிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது. கடற்காகம் எங்கே கூட்டமாக விழுகிறதோ அங்கேதான் மீன், அதைப் பார்க்கத்தான் வாங்கினான். சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். மீனைப் பற்றி அவன் சொன்ன கதையை ஒருவரும் நம்பவில்லை. பதினாலு மாதம் கழித்துத்தான் வந்தான். இன்றைக்கும் விடத்தல்தீவில் அவன் வீட்டுக்கு யாராவது வந்தால், முன்கதவைத் திறக்கிறது அவன் மனுசிதான். அவன் அதற்குள் பின்வளவில் நிற்பான்.

பத்து மணி இருக்கும். பக்கத்து வளவு அருளம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். அந்தத் தலை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த நேரம்தான் கூட என்று சொல்லலாம்.

“றெபேக்கா! எடியே றெபேக்கா! நேவிக்காரர் உங்கட பக்கம் வருகினம்!”

“எத்தினை பேர், அக்கா?”

“ரெண்டு பேர். மோட்டச்சைக்கிள். வீட்டு நம்பர் பாத்துப் பாத்து வருகினம். நீ என்னத்தைச் செய்து வைச்சிருக்கிறாய்?”

றெபேக்கா உள்ளே திரும்பிப் பார்த்தாள். புருசன் கடலில். மகள் ரவுனில். மேசையில் அது. ஓடிப்போய்ப் பேப்பரோடு வாரி எடுத்தாள். அலுமாரியா? அலுமாரியைத்தான் முதலில் திறப்பார்கள். அரிசி மூட்டையா? அதைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். கடைசியில் சுரூபத் தட்டில் அந்தோனியாருக்குப் பின்னால் பைனோகுலரைத் தள்ளி, பூச்சாடியை இழுத்து மறைத்தாள். தகட்டை இடுப்பில் செருகினாள். நாலு திருகாணி மட்டும் உள்ளங்கையில் மிஞ்சியது. அரிசிமணியளவு. கேற்றுக் கொளுக்கி சத்தம் போட்டது. நாலையும் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

வந்தவன் சின்னப் பெடியன், இருபத்தைந்து இருக்கும். மற்றவன் மோட்டச்சைக்கிளிலேயே இருந்தான்.

“அம்மா, டினோஜா மிஸ் இருக்கா?”

றெபேக்கா தலையை ஆட்டினாள். இல்லை.

“மிஸ் எல்லா நாளும் பீச்சுக்கு வாறது. நாங்க பாக்கிறது,” என்றான் அவன் அரைகுறைத் தமிழில், சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியவில்லை. ‘நாங்க பாக்கிறது’ மட்டும்தான் காதில் விழுந்தது. எத்தனை நாளாகப் பார்க்கிறார்கள்? வாய்க்குள் இரும்புச் சுவை ஊறியது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாமானை எடுத்து நீட்டினான். கட்டையாக, கறுப்பாக, நுனியில் கண்ணாடி. பார்த்தவுடனே அவளுக்குத் தெரிந்தது. மகள் தேடியது அதுதான். ஆனால் ஒரு நேவிக்காரன் கையில் இருக்கும்போது அது துலைந்த சாமானா? சாட்சி அல்லவா?

“இது மிஸ்ஸோடது தானே?”

தலையாட்டல். இல்லை.

“இந்த வீட்டில பைனோகுலர் இருக்குத் தானே, அம்மா?”

இன்னும் பலமாக ஒரு தலையாட்டல். கழுத்து நரம்பு தெறித்திருக்கும்.

அவன் அவளுடைய இறுக மூடிய வாயைப் பார்த்தான். “பல்லு வலியா? ஆஸ்பத்திரிக்குப் போங்க,” என்று சொல்லிவிட்டு, அதைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

சத்தம் தேயும்வரை நின்றுவிட்டு, றெபேக்கா உள்ளங்கையில் துப்பினாள். நாலும் இருந்தன. அதற்குப் பிறகுதான் படிக்கட்டில் இருந்து அழுதாள்.

பதினொன்றரைக்கு டினோஜா வந்தாள். முஹைதீன் நானா ஸ்குரூ ட்றைவரை இரவல் கொடுத்திருந்தார். அந்தக் குழல் மட்டும் மன்னாரிலும் இல்லை, கொழும்பிலும் சந்தேகம்தான் என்று கையை விரித்துவிட்டாராம். அவள் கேற்றைத் தாண்ட முன்னமே வேலிக்கு மேலால் செய்தி வந்தது.

“பிள்ளை, உன்ர கொம்மா இண்டைக்கு இயேசுவைத் தெரியாதெண்ட இராயப்பர் மாதிரி மூண்டுதரம் மறுதலிச்சவா! சேவல் கூவாததுதான் குறை!”

விஷயம் விளங்க டினோஜாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவள் கத்தவில்லை. கதிரையில் இருந்து அந்தோனியாரையே பார்த்தாள். பாவம், மனுசன் ஒரு இரவுக்குள் கண்டுபிடித்து வீட்டு வாசலுக்கே அனுப்பியிருக்கிறார். இந்த வீட்டுக்காரி திருப்பி அனுப்பிவிட்டாள்.

“அந்தப் பெடியனை எனக்குத் தெரியும், அம்மா. கடற்கரைச் சென்றியில காவல் நிக்கிறவன். எந்த நாளும் என்ன குருவி எண்டு கேப்பான்.”

“எந்த நாளும் கேக்கிறானோ?” என்றாள் றெபேக்கா.

டினோஜா தகட்டை வைத்து நாலு ஆணியையும் இறுக்கினாள். ஆட்டம் நின்றது. ஆனால் வலது பக்கம் வெறும் ஓட்டை. “நான் சென்றிக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வாறன்,” என்று எழும்பினாள்.

“நீ போகாத.”

“அம்மா, நாளைக்கு ஆறு மணிக்கு…”

“நீ போகாத எண்டுறன்! இல்லையெண்டு சொன்னது நான். பொய் சொன்னதெண்டு பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடிக்கட்டும்.” செபமாலையைக் கழுத்தில் போட்டாள். பைனோகுலரை ஒரு துவாயில் சுற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, துவாயை எடுத்துவிட்டாள். மறைத்துக்கொண்டு போனால்தான் சந்தேகம். “எனக்குப் பின்னால வந்தியோ, தெரியும்.”

கடற்கரை றோட்டால் முக்கால் மைல். உச்சி வெயில். பைனோகுலர் நெஞ்சில் அடித்து அடித்து வந்தது. முப்பது வருசத்துக்கு மேலாக இரவில் கனவில் வந்த சாமானைப் பகலில், எல்லாரும் பார்க்கக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடந்தாள். இரண்டு தரம் திரும்பிப் போக நினைத்தாள். திரும்பினால் மகள்தான் வருவாள் என்று நினைத்து மறுபடி நடந்தாள்.

மண்மூட்டை அடுக்கிய சென்றிக்கு முன்னால் வந்து நின்றாள். இந்தமுறை வாய்க்குள் ஆணி இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

“தம்பி… காலமை பொய் சொன்னனான். என்ர பிள்ளையிட்ட பைனோகுலர் இருக்கு.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

“தெரியும் தானே, அம்மா,” என்றான் அவன்.

உள்ளே போய்ப் பெரிய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தான். பெயர், விலாசம், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. சாமான் கொடுத்தால் எழுத வேண்டுமாம். இப்படியொரு கொப்பியில்தான் அண்ணன் பெயரையும் எழுதினார்கள். ‘றெபேக்கா’ என்று எழுத அவளுக்கு அரை நிமிடம் சென்றது.

அவன் பைனோகுலரை வாங்கி, வலது குழலைப் பொருத்தி, மெதுவாகத் திருகி இறுக்கினான். “சரியா எண்டு பாருங்க.”

அவள் வாழ்க்கையில் அதற்குள்ளால் பார்த்ததில்லை. கண்ணில் வைத்தாள். கடலும் பனையும் வானமும் குலுங்கின.

“ஆடுது, தம்பி. இன்னும் லூசாக் கிடக்கு.”

அவன் வாங்கி ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுப் பார்த்தான், தகட்டை அசைத்துப் பார்த்தான். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தான். மண்மூட்டைக்கு மேலே தட்டிக் காட்டினான். “முழங்கை இங்க வைங்க, அம்மா.”

நேவிக்காரனுடைய மண்மூட்டையில் முழங்கையை ஊன்றினாள். உலகம் மெல்ல மெல்ல அசைவை நிறுத்தியது. அவள் வந்த றோட்டு வட்டத்துக்குள் பக்கத்தில் வந்தது. வளைவில் ஒரு பனை. பனைக்குப் பின்னால், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு டினோஜா. அவளுக்குப் பின்னால், ஒளிக்கவும் தெரியாமல் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, எட்டி எட்டிப் பார்க்கிற அருளம்மா.

“குருவி தெரியுதா, அம்மா?”

“ஓம்,” என்றாள் றெபேக்கா. “ரெண்டு தெரியுது.”