பாதியில் முடிந்த முழுநீளப் படம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது முறை என்று கருதுகிறேன். [முறைதானா என்று கேட்டுத் தெளிய எழுத்துலகில் எனக்கு இன்னும் எவரையும் தெரியாது. இது என் முதல் கதை. பொறுத்தருள்க.]

ஒரு கொலைப் படம் பார்க்கச் சென்றிருந்தேன். மிக நீளமானது, மிக மெதுவானது என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தம் கடைக்குள்ளேயே கொலையுண்டு கிடக்கிறார். ஒரு பெண் ஆய்வாளர் விசாரிக்கிறார். விசாரிக்கிறார் என்பதைவிடக் காத்திருக்கிறார் என்பதே பொருந்தும்: தேநீர் ஆறும் வரை காத்திருக்கிறார், பேருந்து வரும் வரை காத்திருக்கிறார், எதிரே இருப்பவர் பொய் சொல்லிக் களைக்கும் வரை காத்திருக்கிறார். இறந்தவரின் தம்பி வீட்டில் அவர் அமர்ந்திருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. திரை முழுக்க இருட்டு. எவரோ நாற்காலியை நகர்த்தும் ஓசை. பிறகு அதுவும் இல்லை.

அரங்கில் விளக்குகள் எரிந்தன. தெருப்பக்கக் கதவுகள் திறந்தன. கொலையாளி யாரென்றே சொல்லாமல் படத்தை முடித்த துணிவை வியந்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நான் பணியாற்றும் கட்டட வரைபட அலுவலகத்தில் இதைப் பற்றி விரிவாகவே பேசினேன். பக்கத்து மேசைக்காரரும் அதே காட்சிக்கு வந்திருந்தாராம். எதையும் அளந்து பாராமல் நம்பாதவர் என்பதால் அவருக்கு அளவுகோல் என்று பெயர்.

“முடிவுதான் சார் உச்சம்,” என்றேன்.

“எது, அந்தம்மா கடையக் கழுவுறதா?”

“எந்தம்மா?”

“செத்தவரு பொண்டாட்டி சார். சோப்புத் தண்ணி ஊத்தி, முட்டி போட்டு, தேய் தேய்னு தேய்ச்சுதே.”

“அப்படி ஒரு காட்சியே வரலையே.”

“சார், தப்பா நினைக்காதீங்க. தூங்கிட்டீங்களா?”

அவர் கதை கட்டுகிறார் என்று நானும், நான் குறட்டை விட்டிருக்கிறேன் என்று அவரும் மாறி மாறிச் சாதித்தோம். இருவரும் மரியாதை குறையாமல்தான் சண்டையிட்டோம். கடைசியில் உண்மை வெளிவந்தது. நான் இடைவேளையில் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

இது எவ்வாறு நடந்தது என்பதற்கு ஒரு சிறு விளக்கம் தேவை.

இயக்குநர் தம் படத்தில் ‘இடைவேளை’ என்ற எழுத்தே வரக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தாராம். ஆனால் அரங்குக்காரர்களுக்கு இடைவேளை இல்லாமல் ஆகாது. தின்பண்டக் கடை ஓடுவதே அதில்தான். எழுத்து விடுபட்ட படங்களுக்கு அவர்கள் நெடுநாளாக ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பாதியளவில் திரை இருண்டால் அதுதான் இடம், விளக்கைப் போட்டுவிடுவது. படம் ஓட்டுபவர் வழக்கப்படியே செய்தார். கதவுக்காரர் மட்டும் ஒரு படி மேலே போனார். அதற்குள்ளாகவே ஒரு முழுப் படத்தின் நேரம் கழிந்திருந்ததால், எல்லாம் முடிந்தது என்று நம்பித் தெருக்கதவையும் திறந்துவிட்டார்.*

* அவரை நான் குறை கூறவில்லை. அவரைப் போலவே நம்பியவன் நான்.

ஆகவே அன்று ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்கள் ஓடின. எழுந்து சென்றவர்கள் பார்த்தது புதிர். அமர்ந்திருந்தவர்கள் பார்த்தது வேறு. இடைவேளை முடிந்து சற்று நேரத்திலேயே தம்பிதான் கொலையாளி என்று படம் சொல்லிவிடுகிறதாம். மிச்சமெல்லாம் இறந்தவரின் மனைவி. அந்தக் கடையை அவர் கழுவுகிறார், அடுக்குகிறார், மீண்டும் திறக்கிறார்.

இரண்டில் எது அந்தப் படம்? இந்தக் கேள்வியைக் கட்டுரையாக எழுதத்தான் முயன்றேன். நான்காவது பத்தியில் நானே கொட்டாவி விட்டதால் கதையாக மாற்றிக்கொண்டேன்.

3

தொடக்கம் எளிதில் அமையவில்லை.

முதல் வரைவில் இயக்குநரையே நாயகராக வைத்தேன். கடைசி வரிசையில் அமர்ந்து, வெளியேறும் மக்களைப் பார்த்து அழுதார். அடுத்த பக்கத்திலும் அழுதார். அவரை அமைதிப்படுத்த எனக்குத் தெரியவில்லை; நீக்கிவிட்டேன்.

இரண்டாம் வரைவு படம் ஓட்டுபவரைப் பற்றியது. அது இப்படித் தொடங்கியது: ‘அவர் விரல் அந்தப் பொத்தானை நோக்கி மெல்ல நகர்ந்தபோது, விதி என்பது –’

(இத்துடன் நிறுத்திவிட்டேன். விதியைக் கொண்டுபோய் ஒரு மின்பொத்தானில் ஏற்றுவது பொத்தானுக்கும் பாரம், எனக்கும் பாரம்.)

அதன்பின் வந்தவர்தான் படத்தொகுப்பாளர். எடுத்ததை எல்லாம் வெட்டி ஒட்டிப் படமாக ஆக்குபவர். இயக்குநரின் உடன்பிறந்த தங்கை. இவரை நான் நேரில் கண்டதில்லை. அப்படி ஒருவர் இருக்கிறாரா என்றும் தெரியாது. ஆயினும் வந்த நொடியே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துகொண்டார். எழச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. [‘அவள்’ என்று எழுதினால் கதை நெருக்கமாக இருக்கும் என்றார் அளவுகோல். தம் தொழிலில் தேர்ந்த ஒருவரை அப்படி எழுத என் கை ஒப்பவில்லை.]

இனிக் கதை. இதை நான் உறுதியாகவே எழுதப்போகிறேன்.

4

படம் வெளியான மறுநாள் காலையில் தங்கை படத்தொகுப்பு அறையைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள் தயாரிப்பாளர் வந்து நின்றார். இரவெல்லாம் உறங்காத முகம். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“படம் இழுக்குதும்மா.”

“இழுக்கும்னு தெரிஞ்சுதானே சார் எடுத்தீங்க?”

“இழுக்கும்னு தெரியும். இப்படி இழுத்துப் போட்டு அடிக்கும்னு தெரியாதும்மா. தியேட்டர்காரங்க போன் மேல போன். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள குறைச்ச படம் கைக்கு வரலேன்னா நாளையிலிருந்து வேற படம்னு சொல்லிட்டாங்க.”

“அண்ணன்கிட்ட பேசுங்களேன்.”

“உங்க அண்ணன்கிட்ட பேசறதுக்கு இந்தச் சுவத்துகிட்ட பேசலாம். அதுவாவது நடுவுல குறுக்கிடாது.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அண்ணனிடம் பேச வேண்டியவர் தாம்தான் என்பது அவருக்குத் தெரியும். படம் முடிந்த அன்றே அண்ணன் சொல்லிவிட்டார்: “யாரு சொன்னாலும் வெட்ட மாட்டேன். நீ வெட்டலாம்னு சொன்னா, ஏன்னுகூடக் கேக்க மாட்டேன்.”

இப்படி ஒரு நம்பிக்கையைத் தலையில் வைத்துவிட்டுப் போவதைவிட நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். கடையைக் கழுவும் காட்சிக்காகத் தொகுப்பின்போதே இருவருக்கும் முட்டிக்கொண்டது. தங்கை அதைப் பாதியாக்கினார். அண்ணன் திரும்பச் சேர்க்கச் சொன்னார். “கொலைப் படம் எடுக்கறவன் எல்லாம், பொணத்தத் தூக்கினதும் அந்த வீட்ட விட்டு வெளிய வந்துடறான்,” என்றார். “நான் கொஞ்சம் உள்ளயே இருந்து பாக்கறேன்டி.” தங்கை சேர்த்துக்கொடுத்தார். அது சரி என்று அவர் அன்றும் சொல்லவில்லை; தவறு என்றும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். வெட்டலாம் என்றால் அண்ணன் எதற்காகப் படம் எடுத்தாரோ அதுவே போய்விடும். வேண்டாம் என்றால் படமே போய்விடும். சனங்களையே பார்த்துவிடுவோம் என்று பகல் காட்சிக்குச் சீட்டு வாங்கிக் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்.

5

திரை இருண்டது. தங்கையின் கணக்கில் இன்னும் சில மூச்சு நேரத்தில் தீக்குச்சி உரசும் ஓசை வர வேண்டும். அதற்குள் அரங்கின் விளக்குகள் எரிந்தன.

பதறிப்போய் எழுந்தார். ‘இன்னும் இருக்கு, உக்காருங்க’ என்று கத்த வாயெடுத்தார். முன்வரிசையிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர் நண்பரின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“எப்படி முடிச்சான் பாத்தியாடா! யாருன்னு சொல்லவே இல்லடா! மனுசன் வீட்டுக்குப் போய்ச் சோறு திங்க முடியாது!”

“அந்தப் போலீசம்மாதான் கொன்னிருக்கும்ங்கறேன் நான்.”

“போடா லூசு.”

தங்கையின் வாய் மூடிக்கொண்டது. திறந்துவிட்ட தெருக்கதவு வழியே கூட்டம் முகமெல்லாம் மலர்ந்து வெளியேறியது. சிலர் திட்டிக்கொண்டேதான் போனார்கள். ஆனால் திட்டியவர்களும் பேசிக்கொண்டே போனார்கள். தாம் தொகுத்த எந்தப் படத்துக்கும் இப்படி ஒரு சலசலப்பை அவர் கேட்டதில்லை.

[இவ்விடத்தில் வாசகர் ஐயுறலாம். தம் படம் பாதியில் கலைவதைக் கண்ட ஒருவர் வாய்மூடி நிற்பாரா? நானும் ஐயுற்றேன், ஒரு வரைவில் அவரைக் கத்தவும் வைத்தேன். எல்லோரும் திரும்பி வந்து அமர்ந்தார்கள். கதை அங்கேயே படுத்துவிட்டது. அன்றியும் பாராட்டைக் குறுக்கே விழுந்து நிறுத்துபவரை நான் வாழ்க்கையில் கண்டதில்லை.]

படம் மீண்டும் தொடங்கியபோது அரங்கில் பாதி இருக்கைகள் காலி. தம்பி பிடிபட்டான். இறந்தவரின் மனைவி கடைக்குள் வாளியோடு நுழைந்தார். தங்கைக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு கணவனும் மனைவியும்.

“ஒரு தரையக் கழுவறத எவ்வளவு நேரம்தான்டி காட்டுவான்?”

“கழுவி முடிக்கிற வரைக்கும்.”

“கிளம்பலாமா?”

“நீங்க போய் வண்டிய எடுங்க. இந்த மூலையில இன்னும் கறை இருக்கு, அது பாத்துச்சா இல்லையான்னு தெரியணும் எனக்கு.”

கணவர் போகவில்லை. பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார். நடுவரிசையில் ஒருவர் கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு பேசினார்: “இல்லப்பா, இன்னும் உள்ளதான். கொலைகாரனப் புடிச்சாச்சு. எங்களத்தான் விட மாட்டேங்கறாங்க.” நாலைந்து பேர் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டார். ஓரத்தில் ஒரு முதியவர் தலையைப் பின்னால் சாய்த்து வெளிப்படையாகவே உறங்கினார். மூலையிலிருந்த கறைமீது மருந்துக்கடைக்காரரின் மனைவி மண்டியிட்டபோது, இரண்டு இருக்கை தள்ளி இருந்த அந்த அம்மா, “ஆங், பாத்துட்டா,” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

6

படம் முடிந்து வெளியே வந்தால் வாசற்படியில் ஒரு பஞ்சாயத்து. மாமனார் ஒருவர் தூணில் சாய்ந்து நிற்கிறார். மருமகன் அப்போதுதான் உள்ளிருந்து வருகிறார்.

“என்ன மாப்பிள்ளை, உள்ளயே குடியேறிட்டீங்களா? பாத்ரூம் போறேன்னு போனவரு. நின்னு நின்னு கால் கடுத்துப் போச்சு.”

“படம் இப்பத்தானே மாமா விட்டுது.”

“விட்டு எவ்வளவு நேரமாச்சு! நான் ரெண்டு டீ குடிச்சாச்சு.”

“மாமா, அது இன்டர்வெல்.”

“யாருகிட்ட கதை விடறீங்க? அதுக்கு மேல என்ன இருக்கு சொல்றதுக்கு? கொன்னவன் யாருன்னு சொல்லாம நம்ம தலையில கட்டிட்டுப் போனான் பாருங்க, அதுதான் வித்தை.”

“தம்பிதான் மாமா கொன்னான்.”

மாமனார் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். பெண் கொடுத்த நாள்முதல் மனத்தில் இருந்த சந்தேகம் உறுதியானவர்போலத் தெரிந்தது.

“உங்களுக்கு எப்பவுமே எல்லாத்தையும் போட்டு உடைக்கணும் மாப்பிள்ளை.”

“நான் உடைக்கல மாமா, படத்துலதான்...”

“நான் பாத்த படம் நல்லாருந்துது. உங்க படம் எப்படி?”

மருமகன் சற்று யோசித்தார். “தெரியல மாமா. பாதியில எழுந்து வந்துடலாம்னு நாலு தடவ தோணுச்சு. வரல.”

தங்கை இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கைப்பேசி அடித்தது. அண்ணன்.

7

இந்த இடத்துக்காக மூன்று முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒளிப்பது நாகரிகமன்று, காட்டிவிடுகிறேன்.

முதலாவது: ‘இருட்டோட முடிச்சிடலாம்ணா’ என்கிறார் தங்கை. அண்ணன் சொன்ன சொல் தவறாமல், ஏன் என்று கேட்கவில்லை. படம் ஓடு ஓடு என்று ஓடுகிறது. அடுத்த படத்துக்கு அண்ணன் வேறு தொகுப்பாளரை வைத்துக்கொள்கிறார். அதற்கும் ஏன் என்று எவரும் கேட்கவில்லை.

இரண்டாவது: ‘வேண்டாம்ணா’ என்கிறார். மறுநாள் படம் போய்விடுகிறது. அண்ணனும் தங்கையும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே –

(இதையும் விட்டுவிடுகிறேன். தோல்வியைப் பெருமையாகச் சொல்பவர்கள் வீட்டில் நான் அரைமணி நேரம் அமர்ந்திருக்கிறேன். எழுதத் தக்கதன்று.)

மூன்றாவது: இரண்டு படங்களாகவும் வெளியிடுகிறார்கள். இதைச் சொன்னவர் அளவுகோல். கதையை ஆளுக்குப் பாதியாக அளந்து கொடுக்கும் எண்ணத்தை அன்புடன் மறுத்துவிட்டேன்.

மூன்றிலும் தங்கை ஒரு சொல் சொன்னால் போதும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் எழுதப் புகுந்தபோது உரையாடல் என் கையை மீறி வேறு பக்கம் போனது. போனபடியே தருகிறேன்.

“என்னடி, எப்படிப் போகுது?”

“நடுவுல லைட்டப் போட்டு, கதவையும் திறந்துட்டாங்கண்ணா.”

“எங்க?”

“கரன்ட் போற இடத்துல. முடிஞ்சிடுச்சுன்னு பாதிப் பேர் கிளம்பிட்டாங்க.”

“திட்டிக்கிட்டா?”

“இல்லண்ணா. சந்தோஷமா. நம்ம எந்தப் படத்துக்கும் இப்படிப் பேசிக்கிட்டுப் போய் நான் பாத்ததில்ல.”

தெருவில் மாமனாரும் மருமகனும் இரண்டடி இடைவெளி விட்டு நடந்து போனார்கள். இருவர் வாயும் ஓயவில்லை.

“மீதிப் பேர்?”

“ஒருத்தர் தூங்கினாரு. ஒருத்தர் கிண்டல் பண்ணாரு. ஒரு அம்மா கறை போச்சான்னு பாத்துட்டுத்தான் எழுந்தாங்க. தயாரிப்பாளருக்கு இன்னைக்கே பதில் வேணுமாம்ணா.”

“தெரியும். எனக்கும் போன் பண்ணாரு. நீ சொல்றதத்தான் செய்வேன்னேன்.” அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அந்தப் படத்துல ஒவ்வொரு துண்டும் உனக்கு மனப்பாடம். லைட்டப் போட்டாங்க, கதவத் திறந்தாங்க, உனக்குத் தெரிய வேண்டியதும் தெரிஞ்சு போச்சு. அப்பவே எழுந்து வந்து எனக்குப் போன் பண்ணியிருக்கலாம். நீ எதுக்குடி கடைசி வரைக்கும் உக்காந்திருந்த?”

இக்கேள்வியை நான் எழுதி வைத்திருக்கவில்லை. இதற்கு என்னிடம் விடை இல்லை என்பதை அச்சமின்றியே சொல்கிறேன்; இருந்திருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். வெட்டுவதா கூடாதா என்பது இனி தங்கை சொல்லப்போகும் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. அந்த வாக்கியத்தை உங்களிடம் ஒப்படைக்கிறேன். தொடக்கம் மட்டும் என்னுடையது.

“ஏன்னா, அண்ணா –”